படத்தில் மண்டியிட்டிருப்பவன் நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் இருந்த பெரிய படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி: "உரிமையாளர் அருகில் நிற்க, காரைப் பழுது பார்க்கும் பணியாள்." அந்தப் பணியாள் நான்தான் ஐயா. முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகையைச் சந்தா கட்டி வாங்குகிறவன். அன்று அதே பந்தயத்தில், அந்தக் காருக்கு அடுத்த வரிசையில் என் சொந்தக் காரோடு ஓடியவன். படம் எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றவர் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நின்றவர் வெள்ளைக்காரர், நான் தரையில் மண்டியிட்டிருந்தேன், அது போதுமாக இருந்திருக்கிறது. வேறு பத்திரிகை இப்படிப் போட்டிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நம் தமிழ்ப் பத்திரிகை போட்டதுதான் தாங்கவில்லை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பக்கத்தில் ஸ்வார்ட்காப்ஸ் ஓடுதளம். காலையில் தகுதிச் சுற்று முடிந்து உள்ளே வரும்போது, படத்தில் நிற்பவருடைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரில் பின்பக்க ஆக்சில் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, முறிந்துவிட்டது. என்னுடையது 1970-ஆம் வருஷத்து எம்ஜி மிட்ஜெட். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிச் செய்யப்பட்டவை, 1,275 சிசி எஞ்சினும் ஒன்றுதான், ஷாஃப்ட்டும் ஒன்றுதான். நான் டர்பனிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு மாற்று ஷாஃப்ட் என் பக்கியில், அதான் பிக்கப் வண்டியில், சாக்குத் துணியில் சுற்றிக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பந்தயத்துக்கு ஐம்பது நிமிஷம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றி, ஷாஃப்ட்டை இழுத்தால் பாதிதான் வருகிறது, மீதித் துண்டு நடுவிலிருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரன்ஷியலுக்குள்ளே பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பி நுனியில் காந்தத்தைக் கட்டி உள்ளே விட்டுத் துழாவித் துழாவி, மூன்றாவது தடவையில்தான் அது 'ணங்' என்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. கியர் ஆயில் நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டு நாள் சோற்றில் கை வைக்க முடியவில்லை. படத்தில் அவர் சும்மா நிற்பது போலத் தெரிகிறது. அவருடைய இடது கை மூடியிருப்பதைக் கவனியுங்கள், டிரம்மின் திருகுகள் மண்ணில் விழுந்து தொலைந்துவிடக் கூடாதென்று பிடித்துக்கொண்டிருக்கிறார். பந்தயத்தில் அவர் எனக்கு முன்னால் முடித்தார், என் ஷாஃப்ட்டோடு. முடிந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் படத்தை உங்கள் ஆள் எடுக்கவில்லை.

நான் ஏன் கொடுத்தேன் என்றால், ஹைவெல்டு மேட்டுநிலத்துக்கு முதன்முதலாகக் காரைக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்றும் தெரியாது. டர்பனில் கடல் மட்டத்தில் சரியாக வைத்த கார்புரேட்டர், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம், அங்கே 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோலை அதிகமாகக் கொட்டும், கரும்புகை தள்ளும், பிளக்கெல்லாம் கரியாகும். நான் எஞ்சினே போயிற்று என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். ஃப்ரீ ஸ்டேட்டில் மக்காச்சோளம் போடும் ஒரு விவசாயி, முன்பின் தெரியாத மனுஷர், வந்து குனிந்து பார்த்து, இரண்டு எஸ்யூ கார்புரேட்டரிலும் அடியில் இருக்கும் அறுகோண நட்டை பெட்ரோல் குறையும்படி இரண்டிரண்டு முகம் மேலே திருகிவிட்டு, "இப்போ ஸ்டார்ட் பண்ணு, பூட்" என்றார். பூட் என்றால் ஆஃப்ரிகான்ஸில் சகோதரன். அவர்தான் இந்தப் படத்தில் நிற்கிறவர். எனக்கு மூத்தவர் என்பதால் நான் அவரை ஊம் என்று கூப்பிடுவேன், மாமா மாதிரி.

உங்கள் கட்டுரையாளர் "இங்கே நட்புக்கு இடமில்லை, இது பணம் உள்ளவர்களின் பகட்டு" என்று முடிக்கிறார். 1958-இல் போர்ச்சுகல் கிராண்ட் பிரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. எதிர்த்திசையில் ஓட்டினார் என்று பிரிட்டிஷ் ஓட்டுநர் மைக் ஹாதார்னைத் தகுதி நீக்கப் பார்த்தபோது, அவர் ஓடுதளத்தில் இல்லை, ஓரத்து நடைபாதையில்தான் காரை நகர்த்தினார் என்று சாட்சி சொன்னவர் அவருக்கு நேர்ப் போட்டியாளரான ஸ்டர்லிங் மாஸ். அந்தச் சாட்சியால் தகுதி நீக்கம் நின்றுபோனது. அந்த வருஷ முடிவில் ஹாதார்ன் 42 புள்ளி, மாஸ் 41. அந்த ஒரு புள்ளியில் போன உலகச் சாம்பியன் பட்டம் மாஸுக்குக் கடைசி வரை கிடைக்கவேயில்லை. பெரிய பந்தயத்திலேயே அப்படி என்றால், பரிசுப் பணமே இல்லாத எங்கள் பந்தயத்தில் எதற்கு ஐயா பொறாமை? பகட்டு என்கிறார். என் காரை நான் துருப்பிடித்த கூடாக வாங்கி, சாட்ஸ்வர்த்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பதினொரு வருஷம் தட்டி ஒட்டிச் செய்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டைப் பற்றவைத்தது என் மகள்.

பணியாள் என்ற சொல் ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தது. இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குழுப்பகுதிச் சட்டம் எங்களைக் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. அப்பா டர்பனில் ஒரு காரேஜில் மெக்கானிக். பள்ளி லீவில் நான் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோவேன். பந்தயம் ஓடுகிறவர்களின் கார்கள் அங்கே வரும், அப்பா மண்டியிட்டு அதைச் சரி செய்வார், காதை வைத்தே எந்த வால்வு சத்தம் போடுகிறதென்று சொல்லிவிடுவார். காருக்குச் சொந்தக்காரர் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார், ஐம்பது வயது மனுஷரை "பாய்" என்பார், ஆங்கிலத்தில் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் ஓடுதளத்துக்குக் கூட்டிப்போவார். தான் டியூன் பண்ணிய கார் வளைவைத் தாண்டும்போது என் தோளை அழுத்துவார், அவ்வளவுதான். அந்த ஓடுதளம் 1981-இல் மூடிவிட்டது. அப்பா ஒரு நாளும் பந்தயக் காரில் உட்கார்ந்து ஓட்டியதில்லை, அந்த நிறவெறிக் காலம் அப்படி. அவர் மண்டியிட்டதும் நான் மண்டியிட்டதும் படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது படத்துக்குக் கீழே எழுதுகிறவர் வேலை.

இது முதல் தடவையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் எங்களோடு ஓடிக்கொண்டிருந்த நம் நண்பர் ஒருவர் காலமானபோது ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு வரியாக்கி "கார் பிரியர்" என்று போட்டீர்கள். அவர் தகனத்துக்குக் கேப் டவுனிலிருந்து ஒருவர் இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தார், அதையாவது விட்டிருக்கலாம். கிரிக்கெட்டுக்கு வாரம் தவறாமல் ஒரு பக்கம் இருக்கிறது. நம் பிள்ளைகள் நான்கு பேர் சனிக்கிழமை தோறும் என் கொட்டகையில் எஞ்சின் பிரிக்கக் கற்கிறார்கள், வந்து பாருங்கள் என்று எழுதினேன், பதில் ஒரு வரி வரவில்லை. சரி, அதெல்லாம் போகட்டும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், படத்தில் இருப்பவர்கள் இருவரும் போட்டியாளர்கள், ஒருவர் மற்றவர் காருக்கு உதவுகிறார் என்று திருத்தம் போடுங்கள். அப்புறம், முடிந்தால் வெட்டாத முழுப் படத்தின் பிரதி ஒன்று அனுப்பிவையுங்கள், செலவை நான் கொடுக்கிறேன். ஊமுக்குத் தமிழ் தெரியாது, பத்திரிகையைப் பார்த்துவிட்டு, நம் படம் வந்திருக்கிறதே, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று போனில் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்.