கேட்கப்போவதை முன்கூட்டியே சொல்லலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அச்சகத்தில் 32 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் ஒற்று விடுபட்டாலும் கண்ணை உறுத்தும். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே என் அக்காவின் பெயர் நான்கு தாள்களில் மூன்று விதமாக இருந்திருக்கிறது. அக்காவுக்கு வயது 67. போன மாதம் அவருக்கு முதன்முதலாக வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோதுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

போவதற்கு முன் வங்கிக்கு போன் செய்து கேட்டேன். "அடையாளச் சான்று, முகவரிச் சான்று, இரண்டு போட்டோ" என்றார்கள். அவ்வளவுதான். சரி, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று முறை போய்வந்தோம்.

முதல் முறை பெயரில் சிக்கல். அடையாள அட்டையில் தலைப்பெழுத்தோடு பெயர். பள்ளிச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் அப்பாவின் முழுப்பெயரோடு. திருமணச் சான்றிதழில் பின்னால் அத்தானின் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது எங்களுக்குத் தெரியும், வங்கிக்கு எப்படித் தெரியும்? அந்த அலுவலர் கேட்டது நியாயமே. எந்தத் தாளை முதன்மைச் சான்றாகக் கொடுக்கிறோமோ அதில் உள்ளபடிதான் படிவத்தில் பெயர் எழுத வேண்டும். வேறு பெயர் இருந்தால் அதையும் சொல்லி, இரண்டையும் இணைக்கும் தாள் ஒன்றையும் காட்ட வேண்டும். எங்களுக்குத் திருமணச் சான்றிதழே கைகொடுத்தது. இதைப் போனில் சொல்லியிருக்க அரை நிமிடம் ஆகியிருக்குமா?

இரண்டாம் முறை முகவரி. அத்தான் காலமானதிலிருந்து அக்கா என்னோடுதான் இருக்கிறார். வீட்டுக்கு வரும் எந்த ரசீதிலும் அவர் பெயர் இல்லை. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எல்லாம் என் பெயரில். பீரோவைக் கவிழ்த்துத் தேடியும் அவர் பெயர் போட்ட ஒரு கடித உறைகூடக் கிடைக்கவில்லை. பிறர் வீட்டில் வாழ்கிற பெண்கள், முதியவர்கள், மாணவர்கள் எல்லோருக்கும் இதே கதைதானே? கடைசியில் 'இவர் என்னோடு வசிக்கிறார்' என்று நான் ஒரு கடிதம் எழுதி, என் அடையாள அட்டை நகலையும் உறவுக்கு ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். எடுத்துப்போன மின்கட்டண ரசீதோ ஐந்து மாதப் பழசு. மூன்று மாதத்துக்குள் வந்தது வேண்டுமாம். திரும்பி வந்தோம்.

மூன்றாம் முறை தாள்கள் எல்லாம் சரி. அப்புறம் கேள்விகள் தொடங்கின. தொழில் என்ன என்றதும் அக்கா, "சமையல். நாற்பத்தைந்து வருஷமா" என்றார். அலுவலர் சிரித்துக்கொண்டே இல்லத்தரசி என்று எழுதினார். மாதம் எவ்வளவு பணம் வரும், எங்கிருந்து வரும், வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா, அரசுப் பதவி எதிலாவது இருந்தீர்களா, வாரிசுதாரர் யார், அவர் பிறந்த தேதி என்ன? 'பணம் எங்கிருந்து' என்ற கேள்வியில் அக்காவின் முகம் மாறிவிட்டது. உன்னிடம் ஏது இவ்வளவு பணம் என்று கேட்பதுபோல் அவருக்குப் பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989-ல் அமைந்த பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் 10-வது பரிந்துரைதான் வாடிக்கையாளர் யார், எதற்காகக் கணக்கு என்று வங்கிகள் விசாரிப்பதற்கு அடிப்படை. வாங்கிய நகல்களைக் கணக்கு மூடிய பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்வது 11-வது. வெளிநாட்டு வரி பற்றிய கேள்வி, நாடுகள் கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ள 2014-ல் வகுத்த பொது நெறிமுறையிலிருந்து வருகிறது. ஆக, எல்லோரிடமும் கேட்பதுதான். இதை அந்த மேசையில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் அக்கா அன்று சாப்பிடாமல் படுத்திருக்க மாட்டார்.

என் ஆதங்கம் விதிகள் மேல் அல்ல. பல நாடுகளின் வங்கிக் கண்காணிப்பாளர்கள் சேர்ந்த பேசல் வங்கி மேற்பார்வைக் குழு 2016-ல் வெளியிட்ட கணக்குத் தொடக்க வழிகாட்டியில் பெயர், வேறு பெயர்கள், முகவரி, பிறந்த தேதி, தொழில், வருமானம், கணக்கை எப்படிப் பயன்படுத்தப்போகிறார் என்று கேட்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. வங்கிக்கு முன்பே தெரிந்த கேள்விகளை வாடிக்கையாளருக்கும் முன்பே கொடுத்தால் என்ன? எந்தெந்தத் தாள் என்பதற்கு ஒரு பக்கம், என்னென்ன கேட்போம், ஏன் என்பதற்கு ஒரு பக்கம், வாடிக்கையாளரின் மொழியிலேயே. குறை இருந்தால் எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் மெய்ப்பில் ஒரு பிழை, அடுத்த மெய்ப்பில் இன்னொரு பிழை என்று நான் காட்டியிருந்தால் அச்சகத்தில் ஒரு வாரம் தாண்டியிருக்க மாட்டேன்.

கணக்கு தொடங்கப்போகிறவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒரு வழி. தாள்களையெல்லாம் தரையில் பரப்பி, ஒருவர் எழுத்தெழுத்தாக உரக்கப் படிக்க இன்னொருவர் மற்றதில் சரிபாருங்கள். தனியாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். தேதியில் நாள் முதலா மாதம் முதலா என்பதையும் பாருங்கள். அப்படியே கையெழுத்தையும் போட்டுப் பழகிக்கொள்வது நல்லது. படிவத்தில் மூன்று சின்னக் கட்டங்கள் இருந்தன. எப்போதாவது கையெழுத்துப் போடுகிற அக்கா முதலிரண்டை ஒழுங்காகப் போட்டு, மூன்றாவதில் கடைசி எழுத்தைக் கட்டத்துக்கு வெளியே இழுத்துவிட்டார். புதுப் படிவம் வாங்க வேண்டியதாயிற்று.

எப்படியோ கணக்கு தொடங்கியாயிற்று. நேற்று பாஸ்புத்தகம் வந்தது. அக்கா அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் பக்கத்தைப் படித்தேன். வீட்டு எண் தவறாக அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்