இரைச்சலுக்காக எர்த் ஒயரைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது, என்ன செய்வது என்று கேட்ட வாசகருக்கு, ஞாயிறு பதிப்பில் "ஸ்பீக்கர் பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். கடைக்காரர் இதைச் சொன்னால் புரிகிறது, அவருக்கு வியாபாரம். பத்திரிகையும் அதையே சொன்னால் எப்படி? புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டிய பிறகும் அதே சத்தம் கேட்டுத் தலையில் கை வைத்தவர்கள் எங்கள் செந்தூல் பக்கமே இருக்கிறார்கள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? ஸ்பீக்கர் ஒயரைக் கணினியிலிருந்து உருவி கைப்பேசியில் செருகி (சார்ஜில் போடாமல்) மின்னல் எஃப்எம் வைத்துக் கேளுங்கள். பாட்டு சுத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. அங்கேயும் கரகரத்தால் மட்டும் ஸ்பீக்கரையோ ஒயரையோ சந்தேகப்படலாம். அதிலும் வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரப்பு என்றால் உள்ளே தூசியும் களிம்பும்தான், நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது சகஜம். ஜாலான் பாசார் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்சம் அடித்து, குமிழை இப்படியும் அப்படியும் நன்றாகத் திருகி, காய விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மவுஸை நகர்த்தும்போது சத்தமும் கூடவே மாறுகிறதா? அது கணினிக்குள்ளிருந்து கசிந்து வரும் மின் இரைச்சல். முன்பக்க ஓட்டையில் செருகியிருந்தால் பின்பக்கத்துப் பச்சை ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் முன்பக்கம் போகும் மெல்லிய ஒயர் கேஸுக்குள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் போகிறது. அப்படியும் போகவில்லை என்றால் யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்டு ஒன்று போதும்.

நான் எழுத வந்தது விடாமல் 'ம்ம்ம்' என்று கேட்கும் சத்தத்தைப் பற்றி. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது (50 ஹெர்ட்ஸ்), அதுதான் அப்படி முனகுகிறது. கணினி ஒரு சாக்கெட்டிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு சாக்கெட்டிலும் இருக்க, இரண்டுக்கும் எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் பச்சை மஞ்சள் ஒயர்) தனித்தனியாகப் போக, ஆடியோ ஒயர் நடுவில் இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது, அதன் வழியே அந்த முனகல் ஸ்பீக்கருக்குள் நுழைகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினாலே பல வீடுகளில் சத்தம் அடங்கும். அடங்காவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே மாட்டி அந்த வளையத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் இருக்கிறது, விலையும் அதிகமில்லை.

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியம் வேறு. "பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் ஒயரைக் கழற்றிவிடு, சத்தம் போய்விடும்." சத்தம் போய்விடும், உண்மைதான், அதுதான் இதில் உள்ள ஆபத்தே. எர்த் இல்லாத கணினியின் இரும்புக் கேஸில், பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி வழியாக, மெயின் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி வந்து நிற்கும். அதில் கரண்ட் மிகக் குறைவு என்பதால் தொட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் உள்ளே லைவ் ஒயர் உரிந்து கேஸில் பட்டால் முழு மின்சாரமும் அங்கேயே காத்திருக்கும், ஃபியூஸும் போகாது, தொடுகிறவர் உடம்புதான் அதற்கு வழி. சின்னப் பிள்ளைகள் ஆன்லைன் டியூஷனுக்கு உட்காரும் மேசை அது.

இரண்டு முள் பிளக்கைச் செருக எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறக்கும் பழக்கமும் இப்படித்தான். எத்தனை தாமான் வீடுகளில் பார்த்திருக்கிறேன்! சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது இது எதற்கு?

பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தும் பின்னால் எர்த் ஒயர் சரியாக இணைந்திருக்காமல் போகலாம். எர்த்தைக் கழற்றாமலே கேஸ் சுருக்கென்று குத்தினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கேட்டு, இதை எப்படிச் சோதிப்பது என்று அடுத்த ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்.