அடுத்த ஊரடங்கு உத்தரவை எழுதப்போகிறவர்களுக்கு

ஐயா, அம்மா,

வணக்கம். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வந்தால் அன்றிரவே ஓர் உத்தரவு எழுதவேண்டியிருக்கும். அவசரத்தில் 2020-ஆம் வருடக் கோப்பைத் தூசிதட்டி எடுத்து, தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்களோ என்றுதான் எனக்குக் கவலை. அதற்குள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

2020 ஜூன் கடைசியில் என் அப்பா வாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் அம்மா மட்டும். தம்பி சிங்கப்பூரில். நான் மதுரையில் வாழ்க்கைப்பட்டவள். மற்ற நாளென்றால் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி என்று இரண்டு மணி நேரப் பஸ். காலையில் கிளம்பினால் அம்மா கையால் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

அந்த வழி மூன்று மாவட்டங்களைத் தொடுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜூன் 1-இல் மாநிலத்தை 8 மண்டலமாகப் பிரித்தபோது மதுரை ஒரு மண்டலத்தில், புதுக்கோட்டை வேறு மண்டலத்தில். ஜூன் 24 முதல் மதுரைக்கு முழு ஊரடங்கு. ஊரில் நோய் அப்படிப் பரவிக்கொண்டிருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. என் தெருவிலேயே இரண்டு வீட்டில் தகரம் அடித்திருந்தார்கள்.

மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம், வெளியூரில் சிக்கியவர் ஊர் திரும்புதல் என்று இருந்தன. மருத்துவம் என்று போட்டேன். நிராகரிக்கப்பட்டது. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பதில். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளி நான் இல்லை என்பதாலா? அல்லது நான் அவர் மகள் என்பதற்கு என் கையில் ஒரு தாள்கூட இல்லை என்பதாலா? கல்யாணத்தோடு அப்பாவின் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கியாயிற்று. ஆதாரில் கணவர் பெயர். காகிதத்தின்படி அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் விடியற்காலை பக்கத்து வீட்டிலிருந்து போன். அப்பா போய்விட்டார். இந்த முறை 'இறப்பு' என்று போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் பாஸ் வந்துவிட்டது.

சாவுக்குப் போகலாம், சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போகக் கூடாது. இப்படி ஒரு விதியை யாரும் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார்கள். பட்டியலில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். விட்டுப்போகாத விஷயங்களும் இருந்தன. மே 7-ஆம் தேதி டாஸ்மாக்கைத் திறந்தபோது எந்த வயதுக்காரர் எந்த நேரத்தில் வரிசையில் நிற்கவேண்டும் என்பதுவரை யோசித்து அறிவித்திருந்தார்கள். (அதற்கு முந்திய 43 நாளும் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் இரவில் கூச்சல் இல்லை. அதைத் தனியாக ஒரு மடலாக எழுதவேண்டும்.)

அடுத்தது 20 பேர் கணக்கு. இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று உத்தரவில் எழுத ஒரு வரி போதும். அந்த இருபது யார் என்று அப்பாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு நாங்கள்தான் முடிவு செய்தோம். பெரியப்பா மகன் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். தூக்க நான்கு பேர், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், பங்காளிகள், அம்மாவுக்குக் கோடி போடப் பிறந்த வீட்டார். எழுத எழுத இருபது தாண்டியது, அடித்தார். கரூரிலிருக்கும் அத்தை வீட்டில் வந்தால் நான்கு பேராக வருவார்கள் என்று அதையும் அடித்தார். அப்பாவுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு தங்கைதான். தம்பியும் அத்தையும் வாட்ஸ்அப்பில் பார்த்தார்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்ததில், கொள்ளி வைக்கும்போது அத்தையின் அழுகை மட்டும் போனில் கேட்டது, முகம் உறைந்து நின்றது.

முப்பது கும்பிட்ட மறுநாள், ஆகஸ்ட் 17 முதல், ஆதார் எண்ணும் போன் எண்ணும் கொடுத்தால் உடனே இ-பாஸ் என்று ஆனது. செப்டம்பரில் மாவட்டம் தாண்ட இ-பாஸே வேண்டாம் என்றார்கள். எண்ணிக்கையைப் போட்டது அரசு, பெயரை அடித்தது நாங்கள். அதனால் அத்தைக்கு இன்றுவரை அரசின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. எல்லாம் எங்கள் மேல்தான்.

நான் கேட்பது பெரிதில்லை. இங்கிலாந்தில் 2020 ஜூன் 13 முதல், வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு இன்னொரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். நியூசிலாந்தில் ஏப்ரல் கடைசியிலேயே நெருங்கிய உறவை வீட்டு வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள விட்டார்கள். நம் ஊரில் அம்மா அப்பா ஒரு மாவட்டம், பிள்ளைகள் ஒரு மாவட்டம் என்றுதான் பாதிக் குடும்பங்கள் இருக்கின்றன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். 'படுக்கையில் இருப்பவரைப் பார்க்க' என்று ஒரு காரணத்தைப் பட்டியலில் சேருங்கள். மகளுக்கு அவள் பிறப்புச் சான்றிதழ் போதும் என்று எழுதுங்கள். ஒரு ஆள், ஒரு முறை, பரிசோதனை செய்துகொண்டு, முகக்கவசத்தோடு, வாசலில் நின்று பார்த்துவிட்டு வா என்று சொன்னாலும் சரி. இருபது என்றே வைத்தாலும், இருபது இருபதாக வந்து முகம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு வரி சேர்த்தால் யாரையும் அடிக்கவேண்டியிருக்காது.

போன தை மாதம் தம்பி மகனுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க அம்மாவும் நானும் கரூர் போனோம். அத்தை தட்டை வாங்கிக்கொண்டார், காப்பி கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "எத்தனை பேர் வரலாம்னு சொல்லியிருக்காக?"

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மகள்