‘நெகட்டிவாக வந்தால் என்ன எழுதுவாய்?’

தமிழ்நாட்டின் மருத்துவ மேற்படிப்பை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம். ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் எம்.டி. மாணவர்களின் ஆய்வேடுகளில் வழிகாட்டி என்று கையெழுத்துப் போடுகிறேன். தேர்வு முடிந்த மறுநாளே அவை அலமாரிக்குள் போய்விடும். அடுத்து வரும் மாணவர் அதே தலைப்பைச் சற்றுத் திருப்பிப் போட்டு எழுதும்போதுதான் மீண்டும் வெளிச்சம் பார்க்கும்.

இந்த முறை என் மாணவி ஒருவர், எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹன்டா வைரஸுக்கான எதிர்ப்பொருள், அதாவது அந்தத் தொற்று வந்துபோனதன் தடயம், வயல்களில் எலி பிடிப்போரின் இரத்தத்தில் இருக்கிறதா என்று தேட விரும்பினார். தலைப்பை ஆராயும் குழுவில் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். சோதனைக் கிட்டுக்குப் பணம் எங்கே? எல்லாம் நெகட்டிவாக வந்தால் என்ன எழுதுவாய்? இப்போது அவர் சிறுநீர்த் தொற்று பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார், அவருக்கு முன் எத்தனையோ பேர் எழுதியதைப் போலவே.

முதல் கேள்வியில் நியாயம் உண்டு. இரண்டாவது கேள்விக்கு 1986இலேயே பதில் கிடைத்துவிட்டது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸைத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். அது மேலை நாட்டாரின் நோய், நமக்கு வராது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கும் அதில் நம்பிக்கை இல்லை. நெகட்டிவாகத்தான் வரும் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். செய்துதான் பாரேன் என்று ஊக்கியவர் அந்தக் கணவர் இராமமூர்த்தி. பஸ் கட்டணத்தை மிச்சம்பிடிக்க, பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த காப்பகத்துக்கு அவரே தினமும் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிந்த நீரை வைக்கக் கல்லூரியில் வசதி இல்லாததால் அவை நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. கையுறைகூட இல்லாமல் இரத்தம் எடுத்தார்கள். எதற்காக எடுக்கிறோம் என்பதை அந்தப் பெண்களுக்குச் சொல்லவும் இல்லை. இதை நான் புகழ மாட்டேன். இன்றைய நெறிமுறைக் குழு இதைத் தடுத்தால் அந்தக் குழுவின் பக்கம்தான் நிற்பேன்.

இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலிசா சோதனையைச் சென்னையில் செய்ய வழியில்லை. 1986 பிப்ரவரியில் தம்பதியர் மாதிரிகளோடு காட்பாடிக்கு இரவு ரயில் ஏறினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகத்தில் ஜேக்கப் ஜான் தம் சகாக்கள் இருவரை உதவிக்குக் கொடுத்தார். நடுவில் மின்சாரம் போனது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. பாசிட்டிவ் என்பதற்கான நிறம் அது. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னும் துல்லியமான சோதனை அதை உறுதிசெய்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது ஓர் எம்.டி. ஆய்வேட்டின் வழியாகத்தான் தெரியவந்தது.

சாலமன் அதோடு நிற்கவில்லை. 1993இல் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். மற்றவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். தொற்றுள்ளவர்களுக்கு வரன்கூடப் பார்த்துக் கொடுத்தார். 2015இல் அவர் மறைந்தபோது நாடே எழுதியது. நிர்மலாவோ 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, தேர்ச்சி பெற்று, கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசிப் பணியில் சேர்ந்து, 2010இல் ஓய்வு பெற்றார். என் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு கையும் உயரவில்லை.

அவருக்குச் சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆய்வேட்டுத் தலைப்பை ஆராயும் குழுக்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். விடை நெகட்டிவாக வரக்கூடும் என்பதற்காக ஒரு கேள்வியைத் தள்ளக் கூடாது என்று அதில் இருக்கட்டும். முறையாகத் தேடிக் கிடைத்த ‘இல்லை’யும் தேர்ச்சிக்குரிய முடிவே என்று தேர்வாளர்களுக்கும் எழுதுங்கள். ஒரு கல்லூரியில் இல்லாத சோதனையை, அது உள்ள இன்னொரு கல்லூரியில் மாணவர் செய்துகொள்ள வழி செய்யுங்கள். கிட் வாங்க ஒரு சிறு தொகையும் ஒதுக்குங்கள். அன்று வேலூர் கதவு திறந்தது ஒருவரின் நல்ல மனத்தால். நல்ல மனத்தை நம்பி ஒவ்வொரு மாணவரையும் இரவு ரயிலில் ஏற்றிவிட முடியாது.

என் மாணவியின் மூன்று பக்கத் திட்டம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவருக்குக் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு வரும் மாணவர் யாராவது எடுத்துக்கொள்ளலாம். கேட்டால் ஒரு பிரதி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்