தலைகுந்தாவுக்கு ஓர் ஒட்டுப்போர்வைக் கணக்கு

ஒன்டாரியோ,
தை 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் குடைச்சல் குறைந்ததா?

ஊட்டிப் பக்கம் நம் தலைகுந்தாவில் உறைபனியில் புல் வெளுத்துவிட்டது, விடிகாலையில் கேரட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே உறைபனி வெயில் ஏறினால் போய்விடும். இங்கே கடுங்குளிர் இரவுகளில் மைனஸ் 20 வரை இறங்குகிறது. மாட்டுத்தொட்டிக்குப் போகும் குழாய் நாலடி ஆழத்தில் புதைந்திருக்கிறது, தொட்டிக்குள் மின்ஹீட்டரும் உண்டு. டிராக்டர் இன்ஜினுக்கும் கிளப்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஹீட்டர் போட வேண்டும். கோழிகளுக்குக் குளிரைவிட ஈரம்தான் எமன். கொட்டகையை முழுக்க அடைத்தால் மூச்சும் எச்சமும் சேர்ந்து நசநசத்து, கொண்டை உறைந்து கறுத்துப்போகும். அதனால் மேலே காற்றுப்போக்கியைத் திறந்தே வைக்கிறார்கள். பூண்டை அக்டோபரில் ஊன்றி, ஒரு சாண் உயரம் வைக்கோல் மூடுகிறார்கள், அதன் மேல் பனி விழுந்து கிடக்கிறது. மூடாமல் விட்டால் மண் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து பல்லை வெளியே தள்ளிவிடும். தேயிலைக் கன்றுக்குப் பெரணித்தழை போடுகிறோமே, அதே வேலைதான். நின்ற காற்றைப் பிடித்து வைப்பது.

நீங்கள் கேட்ட ஒட்டுப்போர்வையும் அப்படித்தான். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டும் தையல் பஞ்சை நகராமல் பிடிக்கிறது. இங்கே வாட்டர்லூ பக்கத்து மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் பெரிய சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து கையாலேயே தைக்கிறார்கள். பின்பக்கத்துத் தையலும் சீராக இருக்க வேண்டும் அவர்களுக்கு. தோடர் வீட்டுப் பெண்கள் கோடு எதுவும் வரையாமல் இழை எண்ணியே புத்துக்குளி என்ற போர்வைத்துணியில் பூவேலை செய்கிறார்களே, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது, அந்தக் கைகளுக்கு இது எளிதாக வரும்.

உங்களுக்கு 60-க்கு 84 இஞ்ச் போர்வைக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். வெட்டும் துண்டு ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச் சதுரம். தைத்த பிறகு 4 இஞ்ச் நிற்கும். அகலத்தில் 15, நீளத்தில் 21, ஆக 315 சதுரம். சதுரங்கப் பலகை மாதிரி அடர்நிறம் 158, வெளிர்நிறம் 157. 44 இஞ்ச் பன்னாவில், அதாவது துணி அகலத்தில், நாலரை இஞ்சாக வெட்டிய ஒரு பட்டைக்கு 9 சதுரம் விழும். நிறத்துக்கு 18 பட்டை. இரண்டரை மீட்டர் வீதம் எடுத்தால் சுருக்கம் போனாலும் பற்றும். பருத்தி மட்டும்தான் வேண்டும். பனியன் துணி இழுபடும், பாலியெஸ்டர் இஸ்திரியில் படியாது. எடுத்த துணியை முதலில் வெந்நீரில் அலசுங்கள். அடர்சிவப்பைத் தனியாக நனைத்து, தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள்.

தையலுக்கு விளிம்பிலிருந்து இரண்டு நூல் அளவு, அதாவது கால் இஞ்ச் விடுங்கள். இதில்தான் எல்லாம் கெடுகிறது. ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடப் பிடித்தால் இரு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் போகும். நீளவாக்கில் 20 தையல், மொத்தம் இரண்டரை இஞ்ச் குறையும், மூலைகளும் சேராது. மிஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், துணி விளிம்பு அதை உரசியே ஓடட்டும். ஒன்பது ஒன்பது சதுரமாக, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்து 35 கட்டமாக்கி, பிறகு கட்டங்களை இணையுங்கள். தையல் மடிப்பை எப்போதும் அடர்நிறத்துப் பக்கமே சாய்த்துத் தேயுங்கள். அடுத்த வரிசையில் மடிப்பு எதிர்ப்பக்கம் சாயும், இரண்டும் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொண்டு மூலை கச்சிதமாக வரும். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் கோணும்.

நடுப்பஞ்சுக்கு இலவம்பஞ்சு வேண்டாம், மூலையில் போய்த் திரண்டுவிடும். கொட்டிய பருத்திப் பஞ்சு என்றால் இரண்டு இஞ்சுக்கு ஒரு தையல் ஓட வேண்டும். வீட்டில் பழைய கம்பளி இருக்கிறதே, அதைச் சூடான தண்ணீரில் அலசிச் சுருங்க வைத்து நடுவில் வையுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், ஊட்டி ஈரத்துக்கும் நல்லது.

அடிக்குக் காடாத்துணி 5 மீட்டர், இரண்டு பன்னா இணைத்து. அடியும் நடுவும் நாலு பக்கமும் 4 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும், தைக்கத் தைக்க உள்ளே வாங்கும். தரையில் அடித்துணியை இறுக்கி விரித்து, மூன்றையும் உள்ளங்கை இடைவெளியில் ஊக்குப் போட்டுவிட்டு, நடுவிலிருந்து வெளியே தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். உங்கள் கால்மிஷினின் பல் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். அதனால் துணியை அமுக்கும் பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி நேர்க்கோடாக மெதுவாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். நெருக்கி நெருக்கித் தைக்காதீர்கள். பஞ்சு அமுங்கிப் பலகை மாதிரி ஆகிவிடும், காற்று நிற்க இடமிருக்காது.

ஓரப்பட்டிக்கு இரண்டரை இஞ்ச் அகலத்தில் 8 பட்டை. இரட்டையாக மடித்து முன்பக்கம் மிஷினில் அடித்து, பின்பக்கம் கையால் எம்மிங் செய்யுங்கள். முதலில் கிழிவது ஓரம்தான்.

அண்ணன் கட்டில் 60-க்கு மேல் அகலமா? டேப் வைத்து அளந்து எழுதுங்கள், சதுரத்தைக் கூட்டிக் கணக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்