எழுத்தை மேலே ஏற்றுங்கள்

கோடைக்கால இலவசத் திரையிடலை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதற்காக ஆண்டுதோறும் பூங்காவைத் திறந்துவிடும் மாநகர நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு நீங்கள் போட்ட படத்தை என் அப்பா பாதி பார்த்தார். பாதியில் எழுந்து வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்திலும் பாதியைப் பார்த்தார்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு 74 வயது, இரண்டு காதிலும் கருவி. திரையில் வசனம் எழுத்தாக வந்தால்தான் அவருக்குப் படம். இதைப் போன வருடமே எழுதியிருந்தேன். "உங்கள் கருத்தை மதிக்கிறோம்" என்று உடனே பதில் வந்தது. வந்த வேகத்திலேயே அதை எழுதியது மனிதர் இல்லை என்று தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு மனிதரும் எழுதினார். சப்டைட்டில் போட்டால் மற்றவர்களுக்குக் கவனம் சிதறுமாம். தேவைப்படுகிறவர்கள் மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்தால் பரிசீலிக்கப்படுமாம். நான் தெரிவித்தது பத்து மாதம் முன்னதாக. சரி, பரிசீலித்தீர்கள். இந்த வருட அறிவிப்பில் "சப்டைட்டிலுடன்" என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

அதனால் முதலில் நன்றி. சப்டைட்டில் போட்டீர்கள். திரையின் அடியில் போட்டீர்கள். அதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

அன்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து, பூங்காவின் இடப்பக்கம் மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்தோம். நான், அப்பா, என் மகள். எதிரே தடையில்லாமல் முழுத் திரையும் தெரிந்தது. கோடை வெயில் இறங்க இறங்க ஆட்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். எங்களுக்கு நேர் முன்னால் நான்கு நாற்காலி விழுந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முதுகுவலிக்காரர்கள் தரையில் உட்கார முடியாது. எங்கே நாற்காலி, எங்கே பாய் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

சப்டைட்டில் பெரும்பாலும் இரண்டு வரியில் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் வரி, முன்னால் இருந்த தலைகளுக்கு மேலே தெரிந்தது. இரண்டாம் வரி தலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அது ஒரு துப்பறியும் படம். விசாரணைக் காட்சியில் கதாநாயகன் வாயைத் திறந்தான். திரையில் முதல் வரி: "நான்தான் அவரைக் கொன்றேன் என்று". இரண்டாம் வரி: "யார் உங்களிடம் சொன்னது?" அப்பாவுக்குக் கிடைத்தது முதல் வரி மட்டும். படம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் காதருகே குனிந்து கேட்டார்: "அதான் ஒத்துக்கிட்டானே, அப்புறம் எதுக்கும்மா இன்னும் தேடுறாங்க?"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் என் மகள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஏழு வயது. பாயில் முட்டி போட்டு நிமிர்ந்து, தலைகளுக்கு மேல் எட்டிப் பார்த்து, இரண்டாம் வரியைத் தாத்தா காதில் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. இவள் ஒரு வரியை முடிப்பதற்குள் திரையில் அடுத்த வரி வந்துவிடும். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது, உரக்கச் சொன்னாள். பத்து நிமிடத்தில் பின்னாலிருந்து "உஷ்" வந்தது. கொஞ்ச நேரத்தில், "பாப்பா, உட்காரும்மா, மறைக்குது" என்று ஒரு குரல். அன்று அந்தப் புல்வெளியில் மறைக்கிறது என்ற புகார் ஒரே ஒருவர்மேல்தான் வந்தது, அதுவும் அவள்மேல்.

அப்பா அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "போதும்டா செல்லம், தாத்தாவுக்குப் புரிஞ்சிருச்சு" என்றார். புரியவில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு கையைக் காதுக்குக் கொண்டுபோய்க் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீதிப் படம் முழுக்க புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுற்றிய விட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து புரொஜெக்டர் கூடாரத்துக்குப் போனேன். உங்கள் தன்னார்வலர் தங்கமான பையன், அவரைக் குறை சொல்லவில்லை. "சவுண்ட் வேணா கூட்டச் சொல்லவா அக்கா?" என்று கேட்டார். இது எல்லோரும் செய்யும் தவறு என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரோ கூரையோ கிடையாது. ஒலிபெருக்கியிலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். காதுக் கருவிக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்து பேசுகிறவர் குரல்தான் தெளிவாகப் பிடிபடும். அதைத் தாண்டினால் அது வசனத்தையும் பெருக்கும், காற்றையும் பெருக்கும், பக்கத்துப் பாயின் பேச்சையும் பெருக்கும். உங்களுடையது காற்றடைத்து நிற்கும் திரை. அதை நிமிர்த்தி வைக்க ஊதுமோட்டார் படம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்று படத்தில் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது எது என்று அப்பாவைக் கேட்டேன். "மோட்டார்" என்றார். சத்தத்தைக் கூட்டினால் அவருக்கு இரைச்சல் கூடும், பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் உங்களுக்கு வேறொரு மடல் எழுதுவார்கள். அவருக்கு வேண்டியது எழுத்து. அந்த எழுத்தை மேலே ஏற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்றார். பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யார் கொடுத்த தானம்? பூங்கா நகரத்து மக்களுடையது. விளக்கு, காவல், மறுநாள் குப்பை வாருவது எல்லாம் நகரத்தின் செலவு. மீதியைக் கொடுக்கும் விளம்பரதாரர்கள் சும்மா கொடுக்கவில்லை. படத்துக்கு முன்னால் 18 நிமிடம் அவர்களுடைய விளம்பரம் ஓடியது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அத்தனை விளம்பரத்திலும் சொல்லுக்குச் சொல் எழுத்து இருந்தது! கைப்பேசியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் செய்தவை போலிருக்கிறது, திரைக்கு நட்டநடுவில், ஆள் உயரத்துக்கு. அப்பா அந்தப் 18 நிமிடத்தையும் ஒரு சொல் விடாமல் ரசித்தார். இந்த நகரத்தில் காது கேளாதவர் எதை வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

கயிறு கட்டிய முன்வரிசையைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. விருந்தினர்களுக்கு என்று ஒதுக்கிய நல்ல நாற்காலிகள், பாதிக்குமேல் காலி. சப்டைட்டிலின் இரண்டு வரியும் முழுசாகத் தெரிந்தது அங்கிருந்துதான். காலி நாற்காலிகள் அன்று படத்தை நன்றாகப் பார்த்திருக்கும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன்.

எழுத்து என்பது ஏதோ புதுச் சலுகை என்ற எண்ணம் உங்கள் பதில் கடிதத்தில் தெரிந்தது. சினிமா வளர்ந்ததே எழுத்தோடுதான். 1927-க்கு முன்னால் காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே கொட்டகையில், காட்சிகளுக்கு நடுவே வரும் ஒரே வசன அட்டையைப் படித்தார்கள். பேசும் படம் வந்த பிறகுதான் ஒரு கூட்டம் வெளியே தள்ளப்பட்டது. மௌனப் படங்களில் நடித்த எமர்சன் ரொமேரோ என்பவருக்குக் காது கேட்காது. அவர் 1947-ல் பேசும் படங்களை வாங்கி, பிலிமை வெட்டி, நடுவில் வசன அட்டைகளை ஒட்டிக் காது கேளாதவர்களுக்குக் காட்டினார். கத்தரியும் பசையும் வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதர் செய்த வேலை அது. 1958-ல் அமெரிக்க அரசே படங்களுக்கு எழுத்துப் போட்டுக் காது கேளாதவர்களுக்கு இரவல் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு, திரைப்படத்தை அணுகத்தக்க வடிவில் பார்ப்பதை உரிமையாகவே சொல்கிறது. உங்களுக்கோ ரிமோட்டில் ஒரு பட்டன்.

எழுத்து தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டிருந்தீர்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாடத்தைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அன்று புல்வெளியில் நரைத்த தலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? நான் எண்ணவில்லை. என் முன்னால் இருந்தவற்றைத்தான் மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவனம் சிதறுமா? இத்தாலியின் போலோன்யா நகரத்தில் கோடை இரவுகளில் பியாஸ்ஸா மஜ்ஜோரே சதுக்கத்தில் இலவசமாகப் படம் போடுகிறார்கள். வெளிநாட்டுப் படங்கள் அதே மொழியில் ஓடும், இத்தாலிய எழுத்து கூடவே வரும். சதுக்கம் நிறைய ஆட்கள் படித்துக்கொண்டே பார்க்கிறார்கள். நம் ஆட்கள் படம் ஓடும்போதே கைப்பேசியில் நாலு பேருக்குப் பதில் எழுதுகிறவர்கள். இரண்டு வரி எழுத்தா அவர்கள் கவனத்தைக் கெடுத்துவிடும்?

இனி, எழுத்தை மேலே ஏற்றுவது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், சிரமமான காரியம் இல்லை. ஆபரா என்னும் மேற்கத்திய இசை நாடகம் நடக்கும் அரங்குகள் பலவற்றில் மொழிபெயர்ப்பு மேடைக்கு மேலேதான் ஓடும். 1983-ல் டொராண்டோவில் கனடிய ஆபரா நிறுவனம் தொடங்கிவைத்த பழக்கம் அது. கீழே போட்டால் பாடகரின் காலும் முன்வரிசைத் தலையும் மறைக்கும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நீங்கள் போட்டது அகன்ற படம். 16:9 திரையில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) அப்படிப் படத்தை ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை மிஞ்சும். ஐந்து மீட்டர் உயரத் திரையில் மேல்பட்டை மட்டும் இரண்டடி இருக்கும். அன்று இரவு முழுக்க அது சும்மாவே கிடந்தது. எழுத்து தனிக் கோப்பாக இருந்தால், படம் ஓட்டும் மென்பொருளிலேயே அதை அந்த இடத்துக்கு நகர்த்திவிடலாம். படத்தோடு பதிந்தே வந்திருந்தால் நகர்த்த முடியாதுதான். அப்போது திரையின் அடிவிளிம்பை உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும்.

உயர்த்தினால் மட்டும் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அளவுநாடாவை வைத்து நானே பார்த்தேன். பாயில் உட்கார்ந்தால் அப்பாவின் கண் தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர். நாற்காலியில் இருப்பவர் தலை ஏறக்குறைய 125. அன்று போலத் தள்ளி இல்லாமல், நாற்காலி இரண்டே மீட்டர் முன்னால் விழுந்தால், 20 மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் ஐந்தே முக்கால் மீட்டர் உயரம்வரை மறையும். எந்தத் திரையையும் அவ்வளவு தூக்க முடியாது. பாய்களை முன்னாலும் நாற்காலிகளைப் பின்னாலும் பிரித்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அதற்கு ஒரு கயிறும், எடுத்துச் சொல்ல ஒரு தன்னார்வலரும் போதும். கயிறு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, விருந்தினர் வரிசையில் பார்த்தேன்.

ஆகவே தயவுசெய்து: மூன்று நாள் முன்னதாக யாரும் விண்ணப்பிக்காமலே, ஒவ்வொரு காட்சியிலும் எழுத்து. அந்த எழுத்து தலைகளுக்கு மேலே. இந்தக் கோடையில் இன்னும் ஐந்து காட்சிகள் பாக்கியிருப்பதாக அறிவிப்பில் பார்த்தேன். அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கிறோம் என்று எழுதிவிடாதீர்கள். அப்பாவுக்கு அடுத்த வருடம் 75.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், படம் எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டேன். "காத்து நல்லா இருந்துச்சும்மா" என்றார். என் மகள் மட்டும் விடவில்லை. கொலை செய்தது யார் என்று வழிநெடுக அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். கருவியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

வரும் சனிக்கிழமையும் வருகிறோம். இடப்பக்கம், மூன்றாவது விளக்குக் கம்பம். படம் தொடங்குவதற்கு முன் உங்களில் ஒருவர் வந்து எங்கள் பாயில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும். இடம் பிடித்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டாம் வரி தெரியாத ஒருவரின் மகள்