குமரி மாவட்ட லேப் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நானும் லேப் ஆள்தான். ஆபரேஷன், பிரசவம், வெளிநாட்டு வேலை என்று நம்மிடம் வருகிறவர்களில் பலருக்குத் தங்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை நடப்பதே தெரியாது. சுகருக்கும் கொழுப்புக்கும் எடுத்த இரத்தத்திலேயே அதையும் பார்த்துவிடுகிறோம். சம்மதம் கேட்காமல் பார்க்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். இப்போது நான் சொல்ல வந்தது, முடிவை நாம் எழுதிக் கொடுக்கும் விதம்.

எச்.ஐ.வி. பார்க்கும் கார்டில் சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், விடுகிறோம். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு விழாவிட்டால் கார்டே செல்லாது. 'சி' கோட்டோடு 'டி' கோடும் விழுந்தால் 'ரியாக்டிவ்', அதாவது எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற சந்தேகம். காலைக் கூட்டத்தில் கார்டை மேசையில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து, மங்கலாக ஒரு கோடு தெரிகிறதே என்று ரிப்போர்ட் அடிப்பவர்கள் நம்மிடையே உண்டு. கார்டு வரும் கிட் பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்ட நேரம் தாண்டினால் அந்தக் கோட்டை நம்பக் கூடாது என்பது படிக்கும்போதே சொல்லித் தந்ததுதானே!

சரி, எல்லாவற்றையும் முறைப்படியே செய்கிறோம், கிட்டும் நல்ல கிட் என்றே வைத்துக்கொள்வோம். நோய் இல்லாத 1,000 பேரில் 995 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று காட்டும் கிட். நம் நாட்டில் பெரியவர்களில் 1,000 பேருக்குச் சுமார் 2 பேரிடம்தான் இந்தக் கிருமி இருக்கிறது. அப்படியானால் 1,000 பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 7 கார்டில் கோடு விழும். அதில் 5 பொய்க்கோடு. இந்தக் கணக்குக்காகத்தான் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையங்களில், முதல் கிட்டில் கோடு விழுந்தால் வேறு இரண்டு வகைக் கிட்டிலும் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்து வந்தால்தான் 'பாசிட்டிவ்'. முன்னுக்குப் பின் முரணாக வந்தால், சில வாரம் கழித்துத் திரும்பவும் இரத்தம் எடுக்கிறார்கள். நாமோ ஒற்றைக் கார்டைப் பார்த்துச் சிவப்பு மையில் 'பாசிட்டிவ்' என்று அடித்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ரிப்போர்ட் வாங்க வந்தது மாமியார். "மக்களே, இதுல என்னவாக்கும் எழுதியிருக்கு?" என்று கேட்டதும், கவுண்டரில் இருந்த பையன் நாலு பேர் காதில் விழும்படி வாசித்துவிட்டான். பிறகு நம்பிக்கை மையத்தில் பார்த்ததில் அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இல்லை. ஆனாலும் குழந்தை பிறந்த பிறகும் அந்த வீட்டில் அவளுடைய தட்டும் டம்ளரும் தனியாகவே இருந்தன. உண்மையிலேயே எச்.ஐ.வி. இருந்திருந்தாலும் தட்டைப் பிரிக்க ஒரு காரணமும் கிடையாது, அது வேறு விஷயம்.

'நெகட்டிவ்' தாளையும் நாம் சும்மா நீட்டிவிடுகிறோம். கிருமி புகுந்த உடனே கார்டில் தெரியாது. கார்டு காட்டுவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை; அது உண்டாக வாரக்கணக்கில் ஆகும். போன வாரம் பயப்படும்படி ஏதாவது நடந்தவருக்கு இன்றைய நெகட்டிவ் முடிவான பதில் ஆகாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்த 72 மணி நேரத்துக்குள் ஒருவர் வந்தால், கிருமி பிடிக்காமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. அவரை உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

உறுதியாகிவிட்டாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது.

ஆகவே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "இது முதல்கட்டப் பரிசோதனை மட்டுமே. உறுதிசெய்ய அரசு நம்பிக்கை மையத்துக்குச் செல்லவும். இலவசம். உதவிக்கு 1097." ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டி, இரத்தம் கொடுத்தவர் கையிலேயே கொடுங்கள்.